படுக்கத் தெரியாத நாய்

டெல்லி மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸ் முதல் மாடி. எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், எதிர் பிளாக்கில் இருந்த குடும்பம் மாற்றலாகி லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. நாயை ஏற்றவில்லை. கொஞ்ச நாள் அது காலி வீட்டுக்கும் தெருவுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகளின் பின்னாலேயே படியேறி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. "அம்மா, இனிமே இவன் நம்ம கூடதான் ரஹேகா" என்று, இருப்பான் என்பதை இந்தியில் சொல்லி, இந்தி பாதி தமிழ் பாதியாக மகள் அறிவித்தாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பழைய வீட்டுக்காரர்கள் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ தெரியாது. மகள் வைத்துப் பார்த்த எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை. 'டேய்' என்றால் மட்டும் திரும்பினான். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனால் மெலிந்த நாய்க்குரிய சோர்வு துளியும் இல்லை. முன் அறையிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து சமையலறை, அங்கிருந்து மறுபடி வாசல் என்று ஓயாமல் ஓடினான். தட்டில் வைத்ததை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவான். ஓடிய வேகத்தில் பாதியைக் கக்குவான். நாலு கால் உள்ள ஒரு ஜீவன் படுக்காமல் இருக்க முடியும் என்பதை நான் அவனிடம்தான் பார்த்தேன்.

எனக்குப் பயமாக இருந்தது. நான் நர்ஸ். வெறிநாய்க் கடிபட்ட ஒருவரை வார்டில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டம்ளரை அருகில் கொண்டுபோனதும் அவர் தொண்டை இழுத்துக்கொண்டதை இன்றும் மறக்க முடியவில்லை. இந்த நாய் ஓடுகிறது, எச்சில் வடிக்கிறது, நிலைகொள்ளாமல் தவிக்கிறது. என் பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சுகிறாள். தினமும் விடிந்ததும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, அவன் குடிக்கிறானா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். வெறியா என்று பார்க்க வேண்டிய பத்து நாள் கெடு தாண்டி, வெறி இல்லை என்று புத்திக்குத் தெரிந்த பிறகும் மனசு கேட்கவில்லை. கிண்ணத்தின் பக்கத்தில் நிற்பது பல வாரம் தொடர்ந்தது.

பிறகு உடம்பைத் தேற்றும் வேலையில் இறங்கினேன். மாட்டு டாக்டரிடம் கொண்டுபோய்ப் பூச்சி மருந்து கொடுத்தேன். கசாப்புக் கடையில் எலும்பு வாங்கி வேகவைத்து, அந்தச் சாற்றில் சப்பாத்தியை ஊறப்போட்டு, அதில் முட்டையை உடைத்து ஊற்றினேன். ஒரு நோயாளிக்கும் நான் இவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு வேறு ஒரு சித்தாந்தம். "களைச்சுப் போனா தானா படுத்துருவான்" என்று காலையில் ரிங் ரோடு வரை ஓட்டிக்கொண்டு போவார். திரும்பி வந்து களைத்துப்போய்ப் படுப்பது அவராகத்தான் இருக்கும். நாய் முன்னைவிட வேகமாக ஓடப் பழகிக்கொண்டது. நான் அவன் விலாவைத் தடவிப் பார்ப்பேன். ஒவ்வொரு எலும்பும் விரலில் தனித்தனியாகத் தட்டுப்படும்.

குளிர் ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை எடுப்பதற்காக முன் அறையில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வீட்டுக்காரர் மேலே இருந்த ஹோல்டால் படுக்கைச் சுருட்டைத் தூக்கிக் கீழே போட்டார். பெட்டி மூடி கிறீச்சிட்டதுதான் தாமதம், நாய் கதவில் மோதி, திறந்துகொண்டு, படியில் உருண்டு இறங்கி, தெருவில் லாரி வந்து நிற்கும் இடத்தில் போய் நின்று குரைக்க ஆரம்பித்துவிட்டது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வெயிலில் உட்கார்ந்திருந்தார். தவழ்கிற பேரன் பக்கத்தில். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். "பெஹன்ஜி, இது பாகல் குத்தா. பைத்தியம் பிடிச்ச நாய் இப்படித்தான் இருக்கும்" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். "நீங்க ஆஸ்பத்திரிக்காரங்க, உங்களுக்குத் தெரியும். ஹோலி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள சரியாகலைன்னா நாய் வண்டியைக் கூப்பிட்டுடுவேன்."

நாய் வண்டியில் ஏறிய எதுவும் காலனிக்குத் திரும்பி வந்ததில்லை. அந்த அம்மாள் சொன்னதில் தப்பும் இல்லை. என் பிள்ளை தவழ்கிற வயதில் இருந்திருந்தால் நான் ஹோலி வரைக்கும்கூடப் பொறுத்திருக்க மாட்டேன். கொழுத்துப்போய்ப் படுத்துக் கிடக்கிற நாயை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. மெலிந்து ஓடுகிற நாயைத்தான் சொல்வார்கள். அவன் உயிர் பிழைக்க வேண்டுமென்றால் சதை வைக்க வேண்டும், ஒரு இடத்தில் படுக்க வேண்டும். இரண்டும் நடக்கிற வழியாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் அவன் சாப்பிடவே இல்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. டியூட்டியில் ஊசி ஏற்றும்போதுகூட அவன் நினைப்புதான். வீட்டுக்கு வந்ததும் வேறு வேலை பார்க்காமல் சும்மா உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அவன் எல்லா அறைக்கும் போகிறான். முன் அறையில் மட்டும் நிற்பதில்லை. அங்கே வந்தால் சுவரோரமாக ஒதுங்கி, பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே கடக்கிறான். அசதி தாங்காமல் போனால் உடம்பு மாடிப்படிப் பக்கம், தலை மட்டும் நிலைப்படியில் என்று கொஞ்சம் சாய்கிறான். பெட்டியை யாராவது தொட்டால் முதல் ஆளாக வெளியே இருப்பதற்கு வசதியாக.

எங்கள் முன் அறையில் மூன்று டிரங்குப் பெட்டிகள் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியபடியே இருந்தன. மேலே ஒரு விரிப்பு, அதன் மேல் ஹோல்டால். டெல்லிக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்; குளிருக்கு ரஜாய் எடுக்க மட்டும் மேல் பெட்டியைத் திறந்து, மறுபடி கட்டிவிடுவோம். என் வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போடுவார். வருஷம் தவறாமல் இல்லை என்று வரும். "எந்த நேரமும் ஆர்டர் வரலாம்" என்று சொல்லிச் சொல்லியே பாதிச் சாமான்களை நாங்கள் வெளியே எடுக்கவில்லை. கிளம்பப் போகிறவர்கள் வீட்டில் எந்த நாய் படுக்கும்? அதுவும் ஒரு தடவை விட்டுவிட்டுப் போகப்பட்ட நாய்.

அவரிடம் சொன்னேன். "நாயி பெட்டியப் பாத்து மெலியுதாக்கும்? வெளிய யார்ட்டயும் சொல்லிராத, சிரிப்பாவ" என்றார்.

"சிரிச்சா சிரிக்கட்டும். பெட்டியப் பிரிச்சு எல்லாத்தையும் எடுத்து வைப்போம்."

"நாளைக்கே ஆர்டர் வந்தா மறுபடி கட்டணும்லா?"

"வந்தா கட்டுவோம். வராத ஆர்டருக்கு எத்தன வருஷம் கட்டி வச்சுக்கிட்டே இருக்கது?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. ஊருக்குப் போவது ஒன்றுதான் அவருக்கு ஆசை. அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, கயிற்றின் முடிச்சைத் தானே அவிழ்த்தார். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அடுக்கு, பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றிய கண்ணாடி டம்ளர்கள், பீங்கான் தட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. "இதெல்லாம் நம்மளோடதா?" என்று மகள் கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து அவற்றைப் பார்த்ததில்லை. எல்லாம் சமையலறை அலமாரிக்குப் போனது. காலிப் பெட்டிகளைப் பரணில் ஏற்றினோம். நாய் மாடிப்படியில் நின்று நடுங்கிக்கொண்டே பார்த்தது.

அன்றே வந்து படுத்தான் என்று எழுதினால் கதையாகிவிடும். அன்று அவன் உள்ளே வரவே இல்லை. மறுநாள் வந்து, பெட்டி இருந்த தரையை வெகுநேரம் மோந்தான். சில நாள் கழித்து நிலைப்படிக்கு உள்ளே படுத்தான். பிறகு அறையின் ஓரத்தில். கிறிஸ்துமஸ் தாண்டியதும் ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தால், ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடக்கிறான். செத்துப்போய்விட்டான் என்றே நினைத்தேன். மண்டியிட்டு மூக்கருகே கையை வைத்துப் பார்த்தேன். குறட்டை விட்டான்.

அதற்குப் பிறகு அதே எலும்புச் சாறும் சப்பாத்தியும்தான். உடம்பில் ஒட்ட ஆரம்பித்தது. விலாவைத் தடவினால் எலும்பு தேடினால்தான் கிடைத்தது. ஹோலிக்கு இனிப்பு கொடுக்க வந்த கீழ் வீட்டு அம்மாள் வாசலிலேயே நின்று, படுத்திருந்தவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். "மோட்டா ஹோ கயா" என்றார். குண்டாகிவிட்டானாம். இடுப்பிலிருந்த பேரனைக் கீழே இறக்கிவிட்டார். வண்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பேன். ஏப்ரலில் ஆர்டர் வந்துவிட்டது.

அவர் சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றார். "வந்துட்டு" என்றார். இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டதற்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். இரண்டு பேரும் நாயைப் பார்த்தோம்.

"கீழ் வீட்டம்மாட்ட கேட்டுப் பாப்பமா? இப்ப அவங்களுக்கும் பிடிச்சிருக்குல்லா" என்றார்.

"விட்டுட்டுப் போறதுக்கா இவன் உடம்பத் தேத்துனேன்?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

நான் நர்ஸ் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தேன். பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினோம். நான் பயந்ததெல்லாம் நடந்தது. சாப்பாட்டை மோந்துவிட்டு விலகினான். மறுபடி ஓட்டம். மறுபடி நிலைப்படி. கிளம்புகிற நாள் விலா எலும்பு திரும்ப விரலில் தட்டுப்பட்டது. ஸ்டேஷனில் நாய்க்கென்று கார்டு வேனில் ஓர் இரும்புக் கூண்டு. குனிந்து பார்த்தால் உள்ளே இருட்டு. என் பழைய புடவையை விரித்து அவனை உள்ளே தள்ளினோம். அவன் குரைக்கவில்லை, என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். கார்டு வேன் வண்டியின் வால். நாங்கள் ஏறிய பெட்டி தலைப்பக்கம். பெட்டியைக் கண்டு நடுங்கிய நாயைப் பெட்டிக்குள்ளேயே பூட்டியிருக்கிறேனே என்று நான் வழியெல்லாம் அழுதேன். "இருப்பான், நீ தூங்கு" என்றார் அவர். அவரும் தூங்கவில்லை.

காலையில் இட்டார்சியில் வண்டி நின்றதும், ரொட்டியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு குதித்தேன். பிளாட்பாரம் முடிவதாக இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூலிகளை இடித்துக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு எங்கோ கழன்று போனது. விசில் ஊதிவிட்டால் என்ன செய்வேன், கூண்டைத் திறந்தால் என்ன பார்ப்பேன் என்ற இரண்டு பயத்தில் எது பெரியது என்று தெரியவில்லை. கார்டு என் கோலத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

அவன் புடவை மேல் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். 'டேய்' என்றேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். வாலால் தரையில் தட்டினான். எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை சாமான்களோடு அவனையும் ஏற்றியிருந்தார்களே.

நான் கூண்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன். முதல் நாள் மத்தியானத்திலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரொட்டியில் பாதியை அங்கேயே நின்றபடி விழுங்கினேன். மீதியை அவன் படுத்தபடியே வாங்கி, நிதானமாக மென்றான்.