மூன்றாவது நாடு

எங்கள் பகுதி ஐஸ் ஹொக்கிக் கழகம் நடத்தும் சர்வதேசச் சிறுவர் போட்டியின் வரலாற்றை அண்மையில் ஒரு மலராக அச்சிட்டிருக்கிறார்கள். முதலாவது ஆண்டில் மூன்று நாடுகள் பங்குபற்றினவாம். இங்கிலாந்து, நெதர்லாந்து இரண்டும் சரி. மூன்றாவது நாடு நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இங்கிலாந்தில், கோலியர்ஸ் வுட்டில் இருந்தோம். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்தபோது கைக்குழந்தையான என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அப்பா. சப்பாத்தும் தடியும் கழகமே தரும் என்று கேள்விப்பட்டு அம்மா என்னை ஹொக்கியில் சேர்த்துவிட்டார். பனித்தரையில் நான் நின்றதைவிடக் கிடந்ததே அதிகம். மாற்று ஆட்டக்காரனுக்கு மாற்று ஆட்டக்காரன் என்றொரு பதவியை எனக்காகவே கண்டுபிடித்திருந்தார்கள்.

வருவதாகச் சொன்ன அணிகள் ஒவ்வொன்றாகக் கையை விரிக்க, நெதர்லாந்து மட்டும் மிஞ்சியது. இரண்டே நாடுகளை வைத்துக்கொண்டு சர்வதேசம் என்று எப்படிச் சொல்வது? கோச்சின் கண் என்மேல் விழுந்தது. தொடக்க அணிவகுப்பில் இலங்கைக் கொடியோடு நான் ஒரு சுற்று வரவேண்டும். அதுவரை ஆட்டத்தில் அடிக்கும் கறுப்பு றப்பர் வட்டைக்கூட யாரும் என்னை நம்பித் தந்ததில்லை. அதிலும் என் கொடியில் சிங்கம், அதன் கையில் வாள்! மற்றவர்களுடையது வெறும் கோடுகள்.

வீட்டில் சொன்னேன். அப்பா சோறு குழைப்பதை நிறுத்தினார்.

“வேண்டாமெண்டு சொல்லு.”

“ஏனப்பா?”

கொஞ்சம் யோசித்தார். “நீ விழுந்து விழுந்து எழும்புறவன். கொடி நிலத்திலை படக்கூடாது.”

“விடுங்கோ அண்ணை,” என்று சித்தப்பா சிரித்தார். “இவன் அதோடை விழுந்தா எங்களுக்கு நல்லதுதானே!”

அப்பா சிரிக்கவில்லை. எனக்கோ நிம்மதி. விழக்கூடாது, அவ்வளவுதானே! நடைபாதையில் பவுடரைக் கொட்டி, மொப் தடியைப் பிடித்துக்கொண்டு சறுக்கிப் பழகினேன். அதில் விழுந்தது வேலைக்குப் புறப்பட்ட சித்தப்பாதான். அப்பா வாசலில் நின்று பார்த்தார். மறுபடி வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று, வயதான பென்குயினைப் போல ஒரு முழுச்சுற்று வந்தேன். நெதர்லாந்துப் பிள்ளைகள்கூடக் கைதட்டினார்கள். கோட்டுப் பைக்குள் கைகளை விட்டபடி அப்பா நின்றார். அவர் கொடியைப் பார்க்கவில்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கத்தினேன். “அப்பா, நான் விழேல்லை! கொடியும் நிலத்திலை படேல்லை!”

அவர் குந்தியிருந்து என் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். விறைத்த பாதங்களை உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தார்.

“ஓம் ராசா. நீ விழேல்லை.”

அவ்வளவுதான். இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய கொடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு கதைக்கவேயில்லை.