பத்து நிமிச நடையில் இன்னொரு கட்டில்

அறைக்குள் போனதும் நான் முதலில் செய்தது, கட்டில் விரிப்பைத் தூக்கி மெத்தையின் மூலையைப் பார்த்ததுதான். கனடாவில் பெருந்தெரு ஓரத்து மோட்டல் ஒன்றில் பதினாறு வருசமாக அறை துப்புரவு செய்கிறேன். கை தானாகப் போகிறது. மற்றவர்கள் படுக்க எத்தனையோ கட்டில் விரித்திருக்கிறேன், வாடகைக் கட்டிலில் நான் படுத்ததில்லை. முதல் தடவை படுக்க வந்த இடம் திருகோணமலை, நான் பிறந்த ஊர். அக்காவின் வீட்டுக்கு அங்கிருந்து பத்து நிமிச நடை.

விரிப்பின் நடுவில் அயன் பெட்டி சுட்ட பழுப்புத் தழும்பு. சுடுதண்ணிக் குழாயைத் திருப்பினால் காற்றுத்தான் வந்தது. ஏசி ஒழுகுகிற இடத்தில் பெயின்ற் வாளி வைத்திருந்தார்கள். துறைமுகம் தெரியும் யன்னல் என்று படம் போட்டிருந்ததை நம்பி எடுத்தனான். கழுத்தை வெளியே நீட்டி வளைத்தால் ஒரு கிரேனின் நுனி தெரிந்தது. கீழே ஒழுங்கைக்குள், இந்த ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று காட்போட் பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது.

அறைக்கு ஏற முன், கீழே பதிவுக் கொப்பியோடு இருந்தவர் மூதூர்க்காரர்.

“எந்த ஊர் அம்மா?”

“இந்த ஊர்தான்.”

பேனையை நிறுத்தினார். “சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையா?”

“அக்கா இருக்கிறா.”

“அப்ப ஏன் ரூம் எடுக்கிறீங்க?” என்றவர், கேட்டது பிழையோ என்று நினைத்தாரோ என்னவோ, “ஃபேன் நல்லாச் சுத்தும்” என்று முடித்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மற்றது தெரியாவிட்டாலும் கவலைப்பட நல்லாத் தெரியும். அக்காவின் வீட்டில் இரண்டே அறை. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து கைக்குழந்தையோடு நிற்கிறாள். அத்தானுக்கு முழங்கால் ஏலாது. நான் போனால் அக்கா தன் கட்டிலைத் தந்துவிட்டு நிலத்தில் படுப்பா. விமானத்தில் வந்தால் எனக்கு இருமல் வேறு பிடிக்கும். அது குழந்தைக்குத் தொற்றினால்? ரிக்கற் எடுத்த நாளிலிருந்து இதே யோசனைதான்.

அறை எடுக்கலாம் என்ற வழியை எங்கள் மோட்டலுக்கு வருகிற ஒரு கிழவரிடம் படித்தேன். வருசா வருசம் நத்தார் பண்டிகைக்கு மகனைப் பார்க்க வந்து எங்களிடம் நாலு நாள் தங்குவார். மகனின் வீடும் அதே ஊரில்தான். வீட்டில் இடமில்லையோ என்று அரைகுறை இங்கிலிசில் ஒருமுறை கேட்டேன். “இதுதான் எல்லாருக்கும் வசதி” என்று சிரித்தார். என்ன நாகரிகமான சனம் என்று நினைத்தேன். ஒன்றுதான் விளங்கவில்லை. போகிற அன்று தன் கட்டிலைத் தானே விரித்துவிட்டுப் போவார். எப்படியும் நான் கழற்றித் தோய்க்கப் போட வேண்டிய விரிப்பு. “விடுங்கோ, அது என்ர வேலை” என்று சொல்ல நினைத்து ஏதோ சொன்னேன். குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டு, திரும்பவும் இன்னும் இறுக்கமாக விரித்தார்.

இருமலைக் காரணம் சொல்லி, ரூம் எடுத்திருக்கிறேன் என்று போனில் சொன்னபோது அக்கா “ஓ” என்றா. அவ்வளவுதான். கோபத்தில் ஏசியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அப்போதே அங்கே ஓடியிருப்பேன். பின்னேரம் போனபோது முன்னறையில் ஒரு கட்டில் போட்டிருந்தது. புதுவிரிப்பு, புதுநுளம்பு வலை. கடைக்காரன் மடித்த மடிப்பு இன்னும் குலையவில்லை.

“ரூம் வசதியோ?” அக்கா கேட்டா.

“ஓம்.”

“சுடுதண்ணி வருதோ?”

“வருது” என்று பொய் சொன்னேன்.

“நல்லது. இஞ்ச அதெல்லாம் இல்லைத்தானே.”

“வெள்ளைக்காரி வந்து ஹோட்டல்ல நிக்கிறா எண்டு தெருவே கதைக்குது” என்று அத்தான் பகிடி விட்டார். அக்கா சிரிக்கவில்லை.

“முன்வீட்டுக்காரி கேட்டவ, தங்கச்சியோட என்ன சண்டை எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?”

“அக்கா, நாளைக்கு இஞ்ச வந்து நிக்கிறன்.”

“வேண்டாம். வசதி எண்டுதானே எடுத்தனீ. அங்கயே நில்.”

அக்காவின் தோளில் கிடந்த குழந்தைக்குக் கை நீட்டினேன். “இருமல் எண்டு சொன்னனீயெல்லோ” என்று அக்கா மற்றத் தோளுக்கு மாற்றினா. பிறகு அலுமாரியைத் திறந்து பூப்போட்ட கோப்பையும் சோசரும் எடுத்தா. வெளியாட்கள் வந்தால் மட்டும் எடுக்கிறது அது. சின்ன வயதில் எத்தனை பேருக்கு நானே அதைத் துடைத்துக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறேன். வீட்டு ஆட்கள் குடிக்கிற எவர்சில்வர் கப்புகள் குசினியில் கவிழ்ந்து கிடந்தன. தேத்தண்ணி நல்லாத்தான் இருந்தது. சோசரில் சிந்திவிடுவேனோ என்று பயந்து பயந்து குடித்து முடித்தேன்.

ஐந்து நாளும் அப்படித்தான். விருந்தாளி போல நேரத்துக்குப் போய், சாப்பிட்டு, இருட்டுமுன் எழும்பி வந்தேன். போகவேண்டாம் என்று அக்கா ஒருநாளாவது சொல்லுவா என்று வாசலில் செருப்பை மெதுவாக மாட்டுவேன். கேற்றடிக்கு வந்து “கவனம்” என்பா.

போகிற அன்று காலை, எயாபோர்ட் வான் வருவதற்குள், கட்டிலை விரிக்கத் தொடங்கினேன். தழும்பு தெரியாமல் திருப்பிப் போட்டு, மோட்டலில் செய்வதுபோல மூலைகளை மடித்துச் செருகினேன். பத்து நிமிச நடையில் இன்னொரு கட்டில் மடிப்புக் குலையாமல் கிடந்தது. அதைத் தொட எனக்கு உரிமை இருக்கவில்லை. பையை எடுக்க வந்த மூதூர்க்காரர் கதவடியில் நின்று பார்த்தார்.

“விடுங்கம்மா, அது எங்கட வேலை.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன். பிறகு விரிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கினேன்.