அறுபது எண்ணும் வரை பாட்டு இல்லை

வாய் நீளம் என்று சின்ன வயதிலேயே நாசரேத்தில் பேர் எடுத்தவள் நான். தூத்துக்குடியில் பெண்கள் பள்ளிக்குப் பாட்டு டீச்சராக வந்த பிறகும் அது குறையவில்லை. எழுபதுகளின் நடுவில், துறைமுகத்தில் வேலை பார்த்த என் அத்தான் ஒரு கப்பல்காரரிடமிருந்து ஓபரா இசைத்தட்டு ஒன்று வாங்கி வந்தார். அதில் பேச்சே கிடையாது. சண்டையும் பாட்டு, சமாதானமும் பாட்டு. சாகப் போகிறவள்கூடப் பத்து நிமிஷம் பாடிவிட்டுத்தான் சாகிறாள். "இத நம்ம கடற்கரையில நான் செஞ்சு காட்டுதேன்" என்றேன். அத்தான் சிரித்தார். சிரிக்கட்டும்.

முத்துக்குளிக்கிற ஒருவனின் கதை. வசனம் இல்லை. பாட்டெல்லாம் நான் எழுதிய புதுக்கவிதை. எதுகை மோனையை வாசல் பக்கமே விடவில்லை. மாதா கோயில் பாடகர் குழு நாலு குரலில் பாடும். கல்லூரி மாணவி ஒருத்தி முத்துக்குளிப்பவனாக ஆடுவாள். மேடையும் திரையும் கிடையாது. கரையில் ஏற்றிப் போட்ட ஒரு வள்ளம் போதும்.

"கச்சேரியும் இல்ல, நாடகமும் இல்ல, இதென்ன ரெண்டுங்கெட்டான்?" என்றார் தலைமையாசிரியை.

"அதேதான் டீச்சர், ரெண்டுங்கெட்டான்" என்றேன்.

அதில் என் பெரிய கண்டுபிடிப்பு மௌனம். குளிப்பவன் நீருக்குள் இறங்கியதும் பாட்டு, ஆர்மோனியம் எல்லாம் நின்றுவிடும். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை வள்ளத்தில் பிடித்து நிற்பவன் மனதுக்குள் அறுபது எண்ணிவிட்டு இழுப்பான். அதுவரை ஒரு சத்தமும் கூடாது. உலகத்தில் எவனுக்கும் இது தோன்றியிருக்காது என்று நான் சத்தியமாக நம்பினேன்.

கரையில் காத்திருக்கும் மனைவியாகப் பாட எனக்கு ஒரே ஒருத்திதான் வேண்டும். தெருவில் மீன் விற்கிறவள். கோயிலுக்குள் அவள் குரல் எழும்பினால் வெளியே நடந்து போகிற நான் நின்றுவிடுவேன். அவள் புருஷன் பத்து வருஷத்துக்கு முன்பு சங்கு குளிக்கப் போய் இறந்தவன். அன்று மேலே கயிறு பிடித்திருந்தவன் அவளுடைய சொந்த அண்ணன். நேரத்தில் இழுக்கவில்லை என்று அவள் சொன்னாள்; அவனும் மறுக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே தெரு, ஒரே கோயில். அவன் எதிரே வந்தால் இவள் சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

அவள் மனசு நோகக் கூடாதென்று, என் கதையில் கயிறு பிடிப்பவனைக் குளிப்பவனின் தம்பியாக மாற்றினேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு. "கொழுந்தனாரே, கயிறு பிடி" என்ற வரியை ஒத்திகையில் கொடுத்தபோது அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீங்க படிச்சவுக, டீச்சர்" என்றாள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரை நிறையக் கூட்டம். முதல் இரண்டு பாட்டுக்கும் ஒருவரும் அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அவள் அந்த வரியைப் பாடினாள். முன்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார்.

"ஏ டீச்சர், நிப்பாட்டுங்க! எந்தக் கிறுக்கன் தம்பி கையில கயித்தக் குடுப்பான்?"

"அண்ணன் போனா தம்பிக்குப் பங்கு கூடும்லா!" என்றார் பக்கத்திலிருந்த கிழவர். "மச்சான் கையிலதாம்மா குடுக்கணும். தங்கச்சி தாலி அறுந்திரக் கூடாதுன்னு அவன்தான் உசுரக் குடுத்து இழுப்பான்."

ஒரே சிரிப்பு, விசில். அடக் கடவுளே! ஒரு குடும்பத்தில் தற்செயலாக நடந்தது என்று நான் நினைத்தது இந்தக் கடற்கரை முழுவதற்குமான வழக்கம். அண்ணன் என்றால் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. திட்டலாம் என்று எழுந்தேன். திட்ட என்னிடம் நியாயம் இல்லை. என் ரெண்டுங்கெட்டான் அங்கேயே செத்தது என்று நினைத்தேன்.

அவள் ஆர்மோனியத்துக்குக் காத்திருக்கவில்லை. அதே மெட்டில் தானாக எடுத்தாள்.

"அண்ணே, கயிறு பிடி."

சிரிப்பு நின்றது. இரண்டாம் முறை பாடும்போது வள்ளத்தில் கயிறு பிடித்து நின்ற பாடகரை அவள் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், வலைக் குவியல் பக்கம் நின்ற தன் அண்ணனைப் பார்த்துப் பாடினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாம் முறை பாடியதும் மெல்ல நடந்து வந்தான். வள்ளத்தில் ஏறி, எங்கள் பாடகர் கையிலிருந்த கயிற்றை வாங்கி இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டான்.

மாணவி வள்ளத்தின் மறுபக்கம் குதித்து மணலில் மறைந்தாள். பாட்டு நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். அத்தனை கூட்டத்தில் ஒரு பிள்ளைகூடச் சிணுங்கவில்லை. அவன் கண் கயிற்றை விட்டு அகலவில்லை.

பதினொன்று எண்ணுவதற்குள் இழுத்துவிட்டான்.

என் மௌனத்தில் முக்கால்வாசி போயிற்று. மாணவி தட்டுத்தடுமாறி வள்ளத்துக்குள் வந்து விழுந்தாள். இன்னும் நேரம் இருக்கிறது என்று கத்த வாயெடுத்தேன்; அதற்குள் அவன் கையைப் பார்த்துவிட்டேன். மாணவி வந்து சேர்ந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. மிச்சக் கயிறு முழுவதும் உள்ளே வந்துவிட்டது, வெறுங்கை இரண்டும் இழுத்துக்கொண்டே இருந்தன.

தங்கச்சி அவன் அருகில் போய் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்ண்ணே" என்றாள். "அவுக ஏறிட்டாவ."