பூட்டச் சொன்னவள்

கமருன்னிஸாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தானாக நடக்கிற காரியத்தைக்கூடத் தான் சொல்லித்தான் நடந்தது என்பாள். தெருவுக்கு விளக்கு வந்தால், அவள் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லி வந்த விளக்கு அது. "ஐப்பசி மழைகூட மதினி சொன்னாத்தான் எறங்கும்" என்று கொழுந்தன் ஜெக்கரியா கேலி செய்வான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கெட்ட மனசு கிடையாது. முத்துப்பேட்டையில் எந்த வீட்டு அடுப்பு எரியவில்லை என்றாலும் முதலில் அவள் வீட்டு அரிசிதான் போகும். போனது யார் வீட்டு அரிசி என்று ஊருக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அவள் கணவர் அப்துல் ஜலீலுக்குப் பினாங்கில் ஜவுளிக்கடை. வேலைக்கு இருக்கும் பிள்ளைகள் கடை மாடியிலேயே படுத்துக்கொள்வார்கள். முன்பு ஒருவன் ராத்திரியில் சினிமாவுக்கு நழுவிப்போக, திறந்து கிடந்த கடையில் துணிக்கட்டுகள் களவு போயின. அன்றிலிருந்து ஜலீல் இரவானால் கடையை வெளிப்பக்கம் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு தன் ஜாகைக்குப் போய்விடுவார். ஊருக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னார். கோழியை அடைக்கிற மாதிரி அடைத்துவிட்டேன் என்றார். வீடே சிரித்தது. பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால், அவசரத்துக்கு அவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வயிறு நிறைந்தவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்வி எங்கே தோன்றுகிறது!

கூலி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக வயல்காடெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆட்சி மாறிவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களும் ஏமாந்துபோயிருந்தார்கள். மார்கழியில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் சனங்கள் எரிந்துபோன சேதி வந்தது. கமருன்னிஸா வீட்டுக் கொல்லையில் நெல் அவிக்கிற ஆரோக்கியத்துக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. அவள் புருஷன் சவரியப்பன் செங்கொடிச் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். மகன் மதலைமுத்து அப்பனுக்கு மேல். இந்த மண்ணில் இருந்தால் இவனையும் பண்ணையார்கள் கொளுத்திவிடுவார்கள், கடல் தாண்டி எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும் என்று ஆரோக்கியம் கமருன்னிஸாவின் காலைப் பிடித்தாள். ஜலீலும் சரி என்றார். பினாங்கில் வேலை செய்ய அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த சமயத்தில் நாலு பேரைப் பார்த்து அதையும் வாங்கினார்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஆரோக்கியம் இன்னொன்று கேட்டாள்.

"அவன் ராவுல வீடு தங்க மாட்டாம்மா. கூட்டம், கொடின்னு அலைஞ்சே பழகிட்டான். அங்கயும் வெளிய சுத்தி எதுலயாச்சும் மாட்டிக்காம பாத்துக்கச் சொல்லுங்க."

அங்கே எப்போதும் பூட்டுகிற வழக்கம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கமருன்னிஸாவுக்கு அது போதவில்லை.

"உனக்காக நானே அவருகிட்ட சொல்றேன். ராத்திரியானா கடையப் பூட்டச் சொல்றேன். ஒரு காலு வெளிய வைக்க முடியாது, போதுமா?" என்றாள்.

ஆரோக்கியம் கையெடுத்துக் கும்பிட்டாள். கமருன்னிஸா ஜலீலிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது?

மறுவருஷம் பக்கத்துக் கடையில் பிடித்த தீ ஜலீலின் கடைக்கும் தாவியது. மாடியில் கூட இருந்தவன் ஓடுகளைப் பிரித்து அடுத்த கூரைக்குப் போய்விட்டான். மதலைமுத்து படியிறங்கி வாசலுக்கு ஓடியிருக்கிறான். அவன் கதவைத் தட்டியது தெருவில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஜலீல் சாவியோடு ஓடிவந்தபோது பக்கத்தில் போக முடியவில்லை.

ஜலீல் அடுத்த கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார். சோறு இறங்கவில்லை. "சாவி எங்கிட்டதான் இருந்துச்சு, கமரு" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

ஆரோக்கியம் கொல்லைப்புறமாக வந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கமருன்னிஸா பயந்துகொண்டிருந்தாள். அவளோ கல் அடுப்பருகில் உட்கார்ந்து தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"நான்தாம்மா கொன்னேன். நான் பூட்டச் சொல்லாம இருந்திருந்தா எம்புள்ள வெளிய ஓடியாந்திருப்பான்."

கமருன்னிஸா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். விதி என்றாள், ஆண்டவன் எழுத்து என்றாள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. எழுதவே கூசுகிறது, அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பழி இந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறதே என்ற நிம்மதி. உள்ளே இருந்த ஜெக்கரியாவின் காதிலும் ஆரோக்கியம் சொன்னது விழுந்தது.

சில நாளில் சவரியப்பன் சங்கத்து ஆட்களோடு வாசலுக்கு வந்தான். ஆரோக்கியமும் பின்னால் வந்திருந்தாள். ஜலீல் எழுந்து வரக்கூட முடியாமல் கிடந்ததால் ஜெக்கரியாதான் பேசினான். ஏதாவது பார்த்துச் செய்கிறோம் என்று அவன் ஆரம்பிக்க, சவரியப்பன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதெல்லாம் வேணாம். ஆளு உள்ள இருக்கையில வெளிய பூட்டுனது எதுக்கு? அத மட்டும் சொல்லுங்க."

பூட்டு எப்போது வந்தது, எதற்கு வந்தது என்று ஜெக்கரியாவுக்கும் தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டில் சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.

"பூட்டச் சொன்னது ஒங்க வீட்டு அம்மாதான். கேட்டுப் பாருங்க" என்றான்.

சங்கத்து ஆட்கள் திரும்பி ஆரோக்கியத்தைப் பார்த்தார்கள். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு மண்ணைப் பார்த்தாள். சவரியப்பன் அவள் பக்கமே பார்க்காமல் தெருவில் இறங்கினான். மற்றவர்களும் கலைந்து போனார்கள். கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற கமருன்னிஸா திரையை விலக்கவில்லை. வேற்று ஆண்கள் நிற்கும்போது எப்படிப் போவது என்று தனக்குத்தானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டாள். அது சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது.

அதன்பிறகு ஆரோக்கியம் நெல் அவிக்க வரவில்லை. சவரியப்பன் அவளோடு பேசுவதில்லை, அவளும் கஞ்சிகூடக் குடிப்பதில்லை என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். கமருன்னிஸாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், வாய்க்காலைத் தாண்டி அவர்கள் தெருவுக்கே போய்விட்டாள். சவரியப்பனும் குடிசை வாசலில் இருந்தான். அவள் உட்காரவில்லை.

"ஆரோக்கியம், நீ சொல்றதுக்கு முந்தியே அங்க பூட்டு உண்டு. களவு போகுதுன்னு எங்க வீட்டுக்காரரு போட்ட பூட்டு. ஒன் பேச்ச நான் அவருகிட்ட சொல்லவே இல்ல. ஒன் மேல குத்தமில்ல. எல்லாம் எங்க மேலதான்."

சவரியப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கு நாங்க வாசல்ல நின்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ளதான் இருந்தேன்" என்றாள் கமருன்னிஸா. அவன் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டான்.

ஆரோக்கியம் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத் தேத்தத்தானம்மா இப்படிச் சொல்றீங்க. நீங்க சொன்னத நான் மறந்துட்டேனா? எனக்காகத்தான பூட்டச் சொன்னீங்க. எம்பாவத்த நீங்க ஏம்மா தூக்கிக்கிறீங்க?"

இல்லை, நிஜமாகவே அப்படித்தான் என்று கமருன்னிஸா மறுபடி சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல ஆரோக்கியத்துக்கு அழுகை கூடியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்று ஆரோக்கியம் அவர்களிடம் சொன்னாள். பெற்றவள் மனசு ஆறட்டும் என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாரே, இப்படி யார் வருவார்கள் என்றாள்.

அன்று மாலைக்குள் அந்தப் பேச்சு முத்துப்பேட்டை முழுக்கப் பரவிவிட்டது.