சித்தப்பா வரைந்த நடுக்கடல்

சித்தப்பா இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தார். இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. ஓய்வு பெற்று வந்த மூன்றாம் மாதம் சித்தி கேட்டாள்:

"லெட்டர்ல எழுதுவீங்களே, நடுக்கடல்ல சாயங்கால வெயில் அலைக்குள்ள பச்சையா தெரியும்னு. அதை ஒரு படமா வரைஞ்சு கூடத்துல மாட்டுங்க. சும்மா சுவத்தத்தானே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க."

சித்தி கடலையே பார்த்ததில்லை.

பக்கத்தில் ஓர் அச்சகத்து மாடியில் ஞாயிறுதோறும் நடந்த ஓவிய வகுப்பில் சித்தப்பா சேர்ந்தார். வண்ணக் குழாய்களில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல நானும் கூடப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். மருந்துச் சீட்டு முதல் மிக்ஸி கேரண்டி அட்டை வரை என் முன்னால் வந்துதான் நிற்கும். எனக்கும் அதில் பெருமை உண்டு.

"ஆயில் கலர்ல அவசரமே கூடாது சார்" என்றார் டீச்சர். சித்தப்பாவுக்கு மகள் வயதிருக்கும். "முதல் பூச்சு மெலிசா, டர்பன்டைன்ல கரைச்சு. அது காஞ்சாதான் எண்ணெய் கூடின பூச்சு."

"எண்ணெயா? அது என் கூடப் பொறந்தது மாதிரிம்மா."

ஆனால் தூரிகை சொன்னபடி கேட்கவில்லை. அடிவானத்துக்கு டேப் ஒட்டித்தான் கோடு போட்டார். டீச்சர் கொடுத்த கடல் புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து ஓர் அலை வரைவார். அது போர்வை மடிப்பு மாதிரி இருக்கும். வண்ணக் கத்தியால் சுரண்டிவிட்டு இறங்குவார். நாலாவது ஞாயிறு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டேய், நான் கடலைச் சரியா பாத்ததே இல்லடா."

"என்ன சித்தப்பா சொல்றீங்க?"

"கீழ சூடும் சத்தமும்தான். ஷிப்ட் முடிஞ்சா பொணம் மாதிரி தூங்குவேன். கப்பல் சமையல்காரன் மேல போய் நின்னு பாத்துட்டு வந்து சொல்லுவான். அதை எழுதிப் போடுவேன். உன் சித்தி அந்த லெட்டரை வெச்சுத்தான் தனியா இத்தனை வருஷம் ஓட்டினா. இப்பப் போய் அதெல்லாம் பொய்னு எப்படிடா சொல்றது? படம் சரியா வந்துட்டா தப்பிச்சேன்."

அதன்பின் மூன்று மாதம் விடாமல் போனார். அலை முகட்டில் வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் பச்சையை மெல்லியதாகத் தேய்க்கக் கற்றார். நுரை வெறும் வெள்ளையல்ல, அதன் நிழலில் சாம்பலும் ஊதாவும் உண்டு என்று கற்றார். கடைசி ஞாயிறு டீச்சரே, "இது நிஜக் கடல் சார்" என்றார்.

ஈரம் காயாத படத்தை ஓரத்தில் பிடித்துக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தினோம். சித்தி வெகுநேரம் பார்த்தாள்.

"நடுக்கடல்ல மண்ணு ஏதுங்க?"

படத்தின் அடியில் பளபளவென்று ஈர மணல். பார்த்து வரைந்த புகைப்படங்கள் எல்லாம் கரையில் நின்று எடுத்தவை. டீச்சரிடம் அது நடுக்கடல் என்று யாரும் சொல்லவில்லை. படித்தவன் நான், எனக்கும் உறைக்கவில்லை.

சித்தப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சமாளிப்பார் என்று நினைத்தேன். அதற்கும் தெம்பில்லை போல.

"நான் பாக்கல. எழுதினதெல்லாம் கப்பல் சமையல்காரன் சொன்னது."

சித்தி மறுபடி படத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு, "அவருக்குப் பொண்டாட்டி உண்டா?" என்றாள்.

"இல்ல."

"அதான் அவ்வளவு அழகா சொல்லியிருக்காரு." சிரிக்காமல்தான் சொன்னாள். "நீங்க என்னத்தத்தான் பாத்தீங்க?"

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பெரிய அலைன்னா கப்பலோட பின்பக்கம் தூக்கும். அடியில சுத்துற ப்ரொபெல்லர் தண்ணிய விட்டு வெளிய வந்துடும். தள்ளத் தண்ணி இல்லாம இன்ஜின் பதறிப்போய் ஓடும். அதை வெச்சு, வெளிய கடல் மோசம்னு தெரிஞ்சுக்குவோம்."

"இதை ஏன் ஒருவாட்டி கூட எழுதல?"

"நீ தூங்கமாட்டே."

"எழுதாதப்ப மட்டும் தூங்கினேனாக்கும்!"

சித்தப்பா எழுந்து, பையிலிருந்து வண்ணக் கத்தியை எடுத்து, படத்து மணல் மேல் வைத்தார். சித்தி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சுரண்டாதீங்க. அலை யாரோ சொன்னதா இருந்துட்டுப் போவுது. மண்ணாவது நீங்க கால் வெச்சதுதானே. கொஞ்ச நேரம் உக்காருங்க, அப்புறம் மாட்டிக்கலாம்."