வான் அண்ணையின் மார்ச் மாதம்

எங்களை வேலைக்கு ஏற்றிப்போன அந்த வான் வண்டியில் ஹீற்றர் முன்பக்கம் மட்டும்தான் வேலை செய்தது. பின்னால் இருந்தவர்கள் தொப்பியும் கையுறையும் கழற்றாமலே வருவார்கள். முன்சீற்றில் இருந்த எனக்குக் கால் சூடாக இருக்கும். அந்த இடம் எனக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம், நான் வாய் திறப்பதில்லை. வான் ஓட்டியவரை நாங்கள் வான் அண்ணை என்போம். அவருக்கு றேடியோவில் ஐஸ் ஹொக்கிக் கதை கேட்கவேண்டும். பக்கத்தில் இருப்பவன் கதைக்கக்கூடாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறொன்ரோவில் காருக்கு உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நாங்கள் நாலு பேரும் வேலை செய்தோம். வந்த நேரம் பதிய, காலை ஏழு மணிக்குள் மெசினில் கார்ட் அடிக்கவேண்டும். வான் அண்ணை டோர்செட் பார்க்கில் இருந்தார். பெட்டி கட்டுகிற பாக்கிங்கில் வேலை செய்த ஒரு அன்ரியும், எல்லாரும் மச்சான் என்று கூப்பிடுகிற ஒரு பகிடிக்காரனும் அவருடைய கட்டடத்திலேயே இருந்தார்கள். நானும் முதலில் அங்கேதான். பிறகு வோபர்னில் ஒரு பேஸ்மென்ற் அறை கிடைத்துப் போனேன். அன்றிலிருந்து என்னை ஏற்ற அவர் வேறு பக்கமாக வந்து திரும்பிப் போகவேண்டியிருந்தது. பனி கொட்டினால் அதற்கே அரை மணித்தியாலம் போய்விடும்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவருடைய ரீவியில் ஒரு சனல்தான் தெளிவாக வந்ததாம். சனிக்கிழமைகளில் அதில் ஹொக்கி. விளங்காமல் பார்க்கத் தொடங்கி, பிறகு விடமுடியாமல் போய்விட்டது. ரொறொன்ரோ ரீம் தோற்றால் மறுநாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கமாட்டார். வருடத்தில் அவருக்கு மோசமான மாதம் மார்ச். ரீம்கள் ஆட்களை மாற்றிக்கொள்ள அப்போது ஒரு கடைசி நாள் வரும். அன்று பின்னேரம் மூன்று மணிவரை யாரையும் எந்த ஊருக்கும் அனுப்பலாம். பெரும்பாலும் ஆளைக் கேட்பதில்லை. அந்த வருடம் ஒரு வயதான தடுப்பாட்டக்காரனின் பெயர்தான் அடிபட்டது. அவனைக் கொடுத்து இரண்டு இளம் பெடியளை எடுக்கச்சொல்லி, றேடியோவுக்குப் போன் எடுக்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அண்ணைக்கு அது பொறுக்கவில்லை.

"கிழவன் கோல் அடிக்கமாட்டான்தான். ஆனா கோலுக்கு அடி வாற பக்கம் போய் விழுந்து படுப்பான். உவங்களுக்கு உது கண்ணிலை படாது" என்பார்.

"அண்ணை, உங்கடை கிழவனுக்கு முன்பல்லும் இல்லை, முழங்காலும் இல்லை. குடுத்துப்போட்டு ரெண்டு பெடியளை எடுங்கோவன்" என்பான் மச்சான்.

"உன்னைக் குடுத்தா பதிலுக்கு ஒரு பழைய ரயரும் தரமாட்டாங்கள். பேசாமல் இரு."

"நான் தேவாரம் சொல்லுறன் தம்பியவை" என்பார் அன்ரி. "அந்தக் கிழவனுக்கும் சேத்துத்தான் சொல்லுறன். றேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ."

சிரிப்பெல்லாம் அவ்வளவுதான். பிந்தி வந்ததற்காக எங்கள் நாலு பேருக்கும் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் தந்திருந்தார்கள். மூன்றாவது கடிதத்தோடு வேலை போகும். அண்ணை மனைவியையும் பிள்ளைகளையும் ஊரிலிருந்து கூப்பிடப் பத்திரம் போட்டிருந்தார். வேலை இல்லாவிட்டால் அதுவும் நின்றுவிடும். பிந்தியது என்னால்தான். வோபர்னிலிருந்து அதே தொழிற்சாலைக்கு இன்னொரு வான் வந்துகொண்டிருந்தது. அதில் வருகிற ஒருவன் டோர்செட் பார்க்குக்கு வீடு மாறியிருந்தான். அவனை இங்கே எடுத்து என்னை அங்கே விட்டால் இரண்டு வானுக்கும் வழி நேர். மச்சான் இதைச் சொன்னான். கடைசியில் அன்ரியும் சொன்னார். "ஏத்தின ஆளை இறக்கிறதே? பாப்பம்" என்று அண்ணை தட்டிக்கழித்துக்கொண்டு வந்தார்.

நான்தான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மற்ற வானில் கதை அதிகம். ஊரில் ஆர் இருக்கினம், ஏன் தனிய இருக்கிறாய் என்று கேட்பார்கள். அண்ணை இரண்டு வருடத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த முன்சீற்றில் இருக்கிற நேரத்தில்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

ரீம்கள் ஆள் மாற்றுகிற அந்தக் கடைசி நாள் மத்தியானம், கன்ரீனில் அண்ணை மற்ற வான்காரரோடு நின்று கதைத்தார். பிறகு என் மேசைக்கு வரவில்லை. மூன்றரைக்கு வேலை விட்டு வானில் ஏறினோம். றேடியோ சொன்னது. கிழவனை யாருக்கும் கொடுக்கவில்லை.

"கிழவன் தப்பிட்டான்!" மச்சான் கைதட்டினான்.

அண்ணை சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பவுமில்லை. "தம்பி, நாளையிலை இருந்து..." என்றார்.

"ஓம் அண்ணை. மற்ற வான்காரர் எத்தினை மணிக்கு ஏத்துவினம்?" என்றேன்.

"ஆறு இருவதுக்கு."

அன்றும் வோபர்ன்வரை கொண்டுவந்துதான் விட்டார். சரியானதைத்தான் செய்தார். அவருடைய இடத்தில் நான் இருந்தால் ஒரு மாதம் முந்தியே செய்திருப்பேன். இப்போது நான் ரொறொன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறேன். இங்கே ஆளுக்கொரு கார். யாரும் யாரையும் ஏற்றுவதில்லை, இறக்குவதுமில்லை. களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒருவர் இன்னொருவரை இறக்கிவிட்டதற்காக இவ்வளவு கஷ்டப்பட்டதை நான் அதற்குப்பிறகு காணவில்லை.

மறுநாள் என் புது வான் பிந்திவிட்டது. இறங்கி ஓடினோம். ஏழுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அண்ணையின் வான் எப்போதோ வந்திருந்தது. அன்ரியும் மச்சானும் உள்ளே போய்விட்டார்கள். அவர் மட்டும் கார்ட் மெசினுக்குப் பக்கத்தில், அடிக்காத கார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன அண்ணை நிக்கிறியள்? அடியுங்கோ!"

"நீ முதல் அடி."

நான் அடித்தேன். பிறகுதான் அவர் அடித்தார்.