மடி மட்டும் கொண்டு வாங்க

"செத்தா செத்துட்டுப் போறேன். எனக்கு மாத்திரை வேணாம்."

இப்படிச் சொன்னவ ஒன்பது வயசுச் செல்வி.

விசுவாசக் குடும்பத்தாரே, எச்.ஐ.வி.யோட பிறந்து அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகள் தங்குற இல்லத்துல, திருமங்கலத்துக்குப் பக்கத்துல, நான் காப்பாளரா இருக்கேன். பிள்ளைகளுக்கு நான் அண்ணன். மாத்திரையை விடாம சாப்பிட்டா அவங்களும் எல்லாரையும் போல வாழலாம். விட்டா கிருமி மருந்துக்கு அடங்காமப் போயிரும். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு காலத்துல செல்வி வாயில போட்ட மாத்திரையைத் துப்ப ஆரம்பிச்சா. காய்ச்சல் வந்துச்சு. வாயெல்லாம் புண். "இப்படியே போனா பிள்ளை கைவிட்டுப் போயிரும் தம்பி"ன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

எங்க வீட்டுல முதமுதலாப் பள்ளிக்கூடம் போனவன் நான். படிச்சதையெல்லாம் படம் போட்டு விளக்கினேன். கெஞ்சினேன். ஒண்ணும் நடக்கல. ஒருநாள் ஜெபவேளையில, "ஆண்டவரே, இவ மாத்திரையை முழுங்கணும்"னு அழுதுக்கிட்டிருந்தேன். பக்கத்துல முழங்கால் போட்டிருந்த செல்வி முணுமுணுத்தது காதுல விழுந்துச்சு.

"ஏசப்பா, எங்க மாமாவை வரச் சொல்லுங்க."

விசாரிச்சா, விஷயம் காதுகுத்து! இல்லத்துல இன்னொரு பிள்ளைக்குத் தாய்மாமா வந்து, மடியில வச்சுக் காது குத்திட்டுப் போயிருக்காரு. அதுலருந்து இவளை மத்த பிள்ளைகள் "மூளிக்காதி"ன்னு கேலி பண்ணியிருக்காங்க. "மாமா மடி இல்லாதவ மாத்திரை தின்னு என்னண்ணே ஆகப்போகுது?"ன்னா. நான் மாத்திரைக்கு ஜெபிச்சேன். அவ மாமனுக்கு ஜெபிச்சிருக்கா.

அந்த மாமா சோழவந்தான்ல வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கவரு. அக்கா இறந்ததும் பிள்ளையை எங்ககிட்ட விட்டுட்டுப் போனவரு, நோய்க்குப் பயந்து எட்டிக்கூடப் பார்க்கல. நான் போன் போட்டாலே கட் பண்ணிருவாரு. அன்னைக்கு ஜெபம் முடிச்ச கையோட மறுபடி போட்டேன். எடுத்தாரு! நான் வாயெடுக்குறதுக்குள்ள செல்வி போனைப் பிடுங்கிட்டா.

"மாமா, நான் உங்க மருமக செல்வி பேசுறேன். எனக்குக் காது குத்தணும். சீர் செனத்தி எதுவும் வேணாம். நீங்க மடி மட்டும் கொண்டு வாங்க."

அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை தேம்புற சத்தம்.

ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழமை வந்தாரு. தட்டு நிறைய வெத்தலை, பழம், புதுப் பாவாடை, தோடு. ஆனா வாசல்லயே நின்னுட்டாரு. "தம்பி, மடியில வச்சா ஒட்டிக்குமா?"

எங்க நர்சம்மா கையுறையை மாட்டிக்கிட்டே, "பாசம்தாண்ணே ஒட்டும். ரத்தத்தை நான் பார்த்துக்கிறேன், உட்காருங்க"ன்னாங்க.

உட்கார்ந்தாரு. அவரு தொடை கிடுகிடுன்னு ஆடுது. செல்வி திரும்பிப் பார்த்து, "மாமா, குத்தப்போறது எனக்கு. நீங்க ஏன் நடுங்குறீங்க?"ன்னா. இல்லமே குலுங்கிச் சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே அவளை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாரு.

சாயங்காலம் மாத்திரையை நீட்டினேன். செல்வி வாங்கல.

"மாமா ஊட்டட்டும்."

அவர் கையால ஊட்டினாரு. முழுங்கிட்டு, ஆன்னு வாயைத் திறந்து எல்லாருக்கும் காட்டினா. ஸ்தோத்திரம்!

இன்னைக்கு வரைக்கும் விட்டதில்ல. கிருமி நல்லா அடங்கியிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. மாத்திரை நேரத்துக்கு, "மருமகளே, முழுங்கியாச்சா?"ன்னு சோழவந்தான்லருந்து போன் வந்துரும். லீவு விட்டா அவளைக் கையில பிடிக்க முடியாது, "மாமா வீட்டுக்குப் போறேண்ணே"ன்னு பையைத் தூக்கிருவா. நானும் இப்ப பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறதுக்கு முன்னாடி, "உனக்கு என்னடா வேணும்?"னு கேட்டுக்கிறேன்.

பிரியமானவங்களே, ஜெபிக்கப் பெரிய வார்த்தை தெரியலையேன்னு தயங்காதீங்க. செல்வி போன்ல கேட்ட மாதிரி கேளுங்க. "நான் உங்க பிள்ளை பேசுறேன்"னு உறவைச் சொல்லிக் கேளுங்க. ஆண்டவரு போனைக் கட் பண்ண மாட்டாரு.